வேலூரிலிருந்து இருக்கம் தீவுக்குப் பறவை பார்க்கப் போன ஒரு நாள்

தலைக்கு 1,850 ரூபாய், பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு 1,200. இதில் வேலூரிலிருந்து போகவர வேன், படகு, இரண்டு வேளை சாப்பாடு, கூடவே ஒரு வழிகாட்டி. நான், அப்பா, நாலாவது படிக்கும் என் பையன், மூன்று பேரும் பங்குனி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை போய்வந்தோம். நடத்துகிறவர்கள் வேலூரிலேயே இருக்கும் ஒரு சின்னக் குழு. குறைகளும் சொல்லப் போகிறேன் என்பதால் பெயரைப் போடவில்லை, ஆனால் பறவை பார்க்கிற ஆட்கள் யாரைக் கேட்டாலும் எண் கிடைத்துவிடும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பிடித்ததற்குக் காரணம், பூநாரை (ஃபிளமிங்கோ) கூட்டத்துக்கு ரொம்ப தூரத்திலேயே படகை நிறுத்திவிட்டார்கள், அதற்கு மேல் ஒரு அடிகூடக் கிட்டே போகவில்லை. இதையே குறையாகச் சொன்னவர்கள் எங்கள் படகிலேயே இருந்தார்கள். "இவ்வளவு தூரம் வந்துட்டு, காசு குடுத்துட்டு, இங்கிருந்தே பார்க்கறதா?" என்று ஒருவர் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன், நானும் அந்த நிமிஷத்தில் அப்படித்தான் நினைத்தேன். அரை மணி நேரம் கழித்து நினைப்பு மாறிவிட்டது. ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

போக வேண்டிய இடம் பழவேற்காடு ஏரி. ஒடிசாவில் இருக்கும் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி ஏரி இதுதான். பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தெற்கு முனை மட்டும் நம் பக்கம். ஆந்திரப் பக்கம் தடாவுக்குக் கிழக்கே பீமுனிவாரிபாளையம் என்று ஒரு படகுத்துறை, அங்கிருந்து ஏரிக்கு நடுவே இருக்கும் இருக்கம் தீவுக்குப் படகில் போகிறோம். நம் பக்கம் பழவேற்காட்டிலேயே ஏறிவிடலாமே என்று நானும் கேட்டேன். 2011 டிசம்பர் 25 அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள், அதற்குப் பிறகு சுற்றுலாப் படகுக்கு அங்கே தடை, தடையை மீறி யாராவது கூப்பிட்டால் ஏறாதீர்கள் அக்கா என்று வழிகாட்டித் தம்பி சொன்னார். அப்படிச் சொன்ன ஆளை நம்பிப் பிள்ளையை அழைத்துப் போகலாம் என்று எனக்குத் தோன்றியது.

இரவு இரண்டே காலுக்கு கிரீன் சர்க்கிளில் வேன். ராணிப்பேட்டை முத்துக்கடையில் நாலு பேர், வாலாஜா டோல்கேட்டில் இரண்டு பேர், மொத்தம் பதினான்கு பேர் ஆனோம். ஓட்டுநர் நிதானமாக ஓட்டினார், பாட்டுப் போடவில்லை, எல்லோரும் தூங்கினார்கள். அப்பா மட்டும் தூங்கவில்லை. காவேரிப்பாக்கம் வந்ததும் ஜன்னலைத் திறந்து இருட்டில் ஏரிக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தவர், மதகைத் திறக்கிறதும் மூடுகிறதும் கரையை நடந்து பார்க்கிறதுமாகத்தான் அவர் காலம் போனது. ஏரி நிரம்பிக் கோடி போன வருஷமெல்லாம் எந்தப் பறவை எத்தனை நாள் தங்கியது என்று பெயர் தெரியாமலேயே அடையாளம் சொல்வார். "கரண்டி மாதிரி மூக்கு இருக்குமே, அது" என்பார். அவருக்காகத்தான் இந்தப் பயணத்துக்கே பதிவு செய்தேன். பாலாற்றில் தண்ணீர் வந்தால்தான் எங்கள் ஏரிகளுக்குப் பறவை, 2021 நவம்பரில் வந்த வெள்ளம் மாதிரி எப்போதாவது ஒரு தடவை. நிறையத் தண்ணீரும் நிறையப் பறவையும் சேர்ந்து இருக்கிற இடத்தை அவர் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

நசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலை பிடித்து, கும்மிடிப்பூண்டி தாண்டி, ஆறு மணிக்குச் சற்று முன்னால் படகுத்துறையில் இறங்கினோம். கிழக்கு வெளுத்திருந்தது. ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா ஒரு கறுப்புக் கோடு மாதிரி தெரிந்தது. அங்கே ஒரு டீ, இரண்டு இட்லி, ஒரு வடை. இட்லி வேலூரிலிருந்தே ஹாட்பாக்ஸில் வந்தது, சூடு போய்விட்டது, காரச் சட்னியால்தான் பிழைத்தது.

லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் நூற்றுக்கு நூறு கொடுப்பேன். போட்டுக்கொள்ளாதவரைப் படகில் ஏற்றவே மாட்டேன் என்று படகோட்டி நின்றுவிட்டார். எங்கள் வேனில் வந்த ஒருவர் "எனக்கு நீச்சல் தெரியும்" என்றதற்கு, "ஏரிக்குத் தெரியாதே சார்" என்றார், அவ்வளவுதான், அவரும் போட்டுக்கொண்டார். ஒவ்வொருவருக்கும் பட்டையை இழுத்துப் பார்த்துத்தான் ஏற்றினார். ஆனால் குழந்தைகள் அளவு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது என் பையனுக்குக் கிடைத்தது. இன்னொரு பிள்ளை, ஆறு வயசு இருக்கும், பெரியவர்களுடையதைப் போட்டுக்கொண்டு கழுத்து வரை ஏறி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குச் சரியான அளவு வரும்வரை கிளம்பக் கூடாது என்று அவள் அம்மா பிடிவாதமாகச் சொல்லிவிட்டதால், துறையில் இருந்த இன்னொரு படகில் கேட்டு வாங்கினார்கள், இருபது நிமிஷம் போனது. பதிவு செய்யும்போதே வயதைக் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள், அப்புறம் ஏன் அளவு பார்த்துக் கொண்டுவரவில்லை? இதை அவர்களிடம் நேரிலும் சொன்னேன்.

படகு சாதாரண ஃபைபர் படகு, பின்னால் மோட்டார். உட்காரக் குறுக்குப் பலகைதான், சாய்வு கிடையாது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏறுகிற இடம் கஷ்டம், சேறும் பாசியுமாக இருந்தது. அப்பாவை இரண்டு பேர் பிடித்து ஏற்றினார்கள். அப்பா படகோட்டியிடம் தனக்குத் தெரிந்த தெலுங்கில் பேச ஆரம்பிக்க, அவர் நல்ல தமிழில் பதில் சொன்னார், பிறகு இறங்கும்வரை இரண்டு பேரும் ஓயவில்லை. அவருடைய மாமனார் ஊர் பழவேற்காட்டுப் பக்கமாம். அங்கே மீனவர்களுக்குள் 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது, எந்தெந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை போடலாம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வது. அதை அவர் சொன்னதும் அப்பா உடனே, "எங்க ஏரியில மடைக்கு முறைத்தண்ணி விடற மாதிரி" என்றார். எனக்கு அந்தப் பேச்சைக் கேட்பதே ஒரு தனி சந்தோஷமாக இருந்தது.

சரி, பறவைகளுக்கு வருகிறேன்.

பெரும்பாலானவர்கள் டிசம்பர், ஜனவரியில்தான் போவார்கள், வலசைப் பறவைகள் வந்து குவிந்திருக்கும் காலம் அது. பங்குனியில் போனால் என்ன கிடைக்கும் என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. ஊசிவால் வாத்துகள் முக்கால்வாசி கிளம்பிப் போயிருந்தன, சின்னக் கூட்டம் ஒன்றைத்தான் பார்த்தோம். ஆனால் இந்த நேரத்துக்கு என்று ஒரு தனி அழகு இருக்கிறது, அது எனக்கு அங்கே போன பிறகுதான் தெரிந்தது. குளிர்காலம் முழுக்கச் சாம்பலும் பழுப்புமாக, ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாமல் திரிகிற கரைப்பறவைகள், ஊருக்குத் திரும்பும் முன்னால் நிறம் மாறுகின்றன. கருவால் மூக்கனுக்குக் கழுத்தும் மார்பும் செங்கல் நிறம் ஏறியிருந்தது. உப்புக்கொத்திகளில் சிலதுக்கு நெஞ்சில் செம்பட்டை பூசியது போல ஒரு பட்டை. கடற்காகங்களுக்குக் குளிர்காலத்தில் தலை வெள்ளையாக இருக்குமாம், இப்போது முழுத் தலையும் காப்பிக்கொட்டை நிறம். மீசை ஆலாவுக்கு வயிறு கறுத்துக்கொண்டு வந்தது. எல்லாம் அங்கே போய் ஜோடி சேர்வதற்கான கோலம். என் பையன் கையில் இருந்த படத்தாளில் குளிர்கால நிறம், கோடைகால நிறம் என்று இரண்டு படம் போட்டிருந்தது, பாதி மாறிய பறவைகளைப் பார்த்துவிட்டு "இது ரெண்டுலயும் இல்லையே" என்று அவன் கேட்க, அதுதான் தம்பி இப்ப வந்ததுக்கு லாபம் என்றார் வழிகாட்டி.

ஊர் என்று சொன்னேனே, எந்த ஊர் என்று கேட்டால்தான் மலைப்பாக இருக்கிறது. அந்தப் பழுப்புத்தலைக் கடற்காகம் முட்டையிடுவது லடாக், திபெத் பக்கத்து உயரமான ஏரிகளில். உப்புக்கொத்திகளில் ஒரு வகையும் அதே மேட்டு நிலத்துக்குத்தான் போகிறது. கொசு உள்ளான் என்று ஒன்று, சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும், சேற்றில் தையல் மிஷின் ஊசி மாதிரி கொத்திக்கொண்டே ஓடுகிறது, அது சைபீரியாவின் வடகோடி வரை, ஆர்க்டிக் பனிவெளி வரை பறந்து போகிறது. பூநாரைகள் அவ்வளவு தூரம் போவதில்லை, நம் நாட்டில் அவை கூட்டமாகக் கூடு கட்டுவது குஜராத்தின் கட்ச் ரணில்.

இப்போது அந்தத் தூரத்துக் கதை. தீவுக்குப் பாதி வழியில் மோட்டாரை நிறுத்திவிட்டு, படகோட்டி நீளக் கழியை ஊன்றித் தள்ள ஆரம்பித்தார். ஏரி அங்கே இடுப்பளவு ஆழம்கூட இல்லை. முன்னால் வெகுதூரத்தில் ஒரு வெளிர் ரோஸ் நிறக் கோடு தெரிந்தது. பைனாகுலரில் பார்த்தால் அத்தனையும் பூநாரைகள், தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, அலகால் சேற்றுநீரை வடிகட்டிக்கொண்டிருந்தன. நடுநடுவே சாம்பல் நிறத்தில் இளம் பறவைகள். அந்த ரோஸ் நிறமே அவை தின்கிற பாசியிலிருந்தும் சின்னச் சின்ன இறால் வகைகளிலிருந்தும்தான் வருகிறதாம், குஞ்சுக்கு அது ஏறச் சில வருஷம் ஆகும். அதற்கு மேல் படகு போகவில்லை. கழியை ஊன்றி நிறுத்திவிட்டார்கள். அந்தக் கேள்வி அப்போதுதான் வந்தது, காசு கொடுத்தோமே என்று.

வழிகாட்டி கோபப்படவில்லை. மெதுவாகச் சொன்னார். இந்த மாதம் இங்கே நிற்கிற ஒவ்வொரு பறவையும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டிருக்கிறது. வலசைக்கு முன்னால் இரவு பகல் பார்க்காமல் தின்று கொழுப்பை உடம்பில் சேர்த்துக்கொள்ளும், அந்தக் கொழுப்புதான் வழிக்கு எரிபொருள். நாம் ஒரு தடவை கிளப்பிவிட்டால், பறக்கிற செலவு ஒன்று, தின்னாமல் போன நேரம் இன்னொன்று, இரண்டும் அதன் கணக்கிலிருந்து போகிறது. நாளைக்கு ஐந்து படகு வந்து ஐந்து தடவை கிளப்பினால் கொசு உள்ளான் அளவு உடம்பு என்ன செய்யும்?

அவர் சொல்லி முடித்து ஒரு கால் மணி நேரம் இருக்கும். வேறொரு படகு, யாருடையது என்று தெரியாது, பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு நேராக அந்தக் கூட்டத்தைப் பார்த்துப் போனது. மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் எழுந்தது. உண்மையைச் சொல்கிறேன், அப்படி ஒரு காட்சியை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. உட்கார்ந்திருக்கும்போது தெரியாத செந்நிறமும் ஓரத்துக் கறுப்பும் சிறகு விரிந்ததும் பளிச்சென்று தெரிகிறது, வானத்தில் யாரோ பட்டுப்புடவையை உதறின மாதிரி. என் பையன் கை தட்டினான். எங்கள் படகில் பாதிப் பேர் போனை எடுத்தார்கள். அப்புறம் அவை வட்டமடித்தன, இறங்கப் பார்த்தன, படகு இன்னும் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்ததால் இறங்காமல் மறுபடி ஏறின, வடக்கே போய்ப் புள்ளியாகி மறைந்தன. கூடவே கரையோரத்தில் இருந்த மூக்கன்களும் உள்ளான்களும் போய்விட்டன. ஐந்து நிமிஷத்தில் அந்த இடம் வெறும் தண்ணீர். அப்பா மட்டும் ஒன்று சொன்னார், "பந்தியில உக்காந்தவங்களை எழுப்பி விட்டுட்டானே." அந்தக் கேள்வி கேட்டவர் பிறகு எதுவும் கேட்கவில்லை. பையனும் தட்டின கையை மடியில் வைத்துக்கொண்டான்.

நான் இந்தக் குழுவைச் சிபாரிசு செய்வது இதற்காகத்தான். அந்தக் காட்சியை எங்களுக்குக் காட்டி நல்ல பெயர் வாங்க அவர்களுக்கு ஐந்து நிமிஷம் போதும், வீடியோ நன்றாக வந்திருக்கும், அடுத்த மாதம் இருமடங்கு ஆள் சேர்ந்திருக்கும். அவர்கள் செய்யவில்லை. வேறு யாருடனாவது போவதாக இருந்தாலும் பதிவு செய்யும் முன் கேளுங்கள், பறவைக்கு எவ்வளவு தூரத்தில் படகை நிறுத்துவீர்கள் என்று. "கிட்டேயே கூட்டிட்டுப் போறோம் சார்" என்று பதில் வந்தால் விட்டுவிடுங்கள்.

தீவில் இறங்கின பிறகு நடந்ததுதான் நாளின் சிறந்த பகுதி. மக்கள் வாழ்கிற தீவு அது, வெளியே போக வர அவர்களுக்குப் படகுதான். கரையை ஒட்டி ஒரு சேற்றுத் திட்டு, அதற்கு எதிரே பனைமர நிழலில் ஸ்பாட்டிங் ஸ்கோப்பை (காலூன்றி நிறுத்திப் பார்க்கிற பெரிய தொலைநோக்கி) நிறுத்தி, ஒருவர் பின் ஒருவராகப் பார்க்க விட்டார்கள். அவசரப்படுத்தவே இல்லை, ஒன்றரை மணி நேரம். நாங்கள் அசையாமல் இருந்ததால் பறவைகளே கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்தன. பவளக்காலி ஒன்று பத்தடி தூரத்தில் நடந்து போனது, அதன் சிவப்புக் கால் சேற்றில் பதிவது வரை கண்ணாலேயே தெரிந்தது. நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை எல்லாம் இருந்தன, அவை நம் பக்கமே பார்க்கக் கிடைப்பவை. விராலடிப்பான் ஒன்று மீனைக் காலில் நீளவாக்கில் பிடித்துக்கொண்டு தலைக்கு மேலே போனது. கடைசியாக ஸ்கோப்பில் கரண்டிவாயன் வந்தது, நாலு பறவை, அலகை இப்படியும் அப்படியும் அரிவாள் வீசுவது போல வீசி மேய்ந்துகொண்டிருந்தன. அப்பா குனிந்து பார்த்தவர் நிமிரவே இல்லை. பின்னால் வரிசையில் நின்ற பெண், "பரவாயில்லை ஐயா, நீங்க பாருங்க" என்றாள். அவளுக்கு நன்றி.

மதியச் சாப்பாடு தீவில் ஒரு வீட்டில் சமைத்தது. மடவை மீன் குழம்பு, இறால் தொக்கு, ரசம், சோறு. சைவத்துக்குச் சாம்பாரும் வாழைக்காய் வறுவலும். மடவைக்கு முள் உண்டு, பிள்ளைகளுக்குப் பார்த்து ஊட்ட வேண்டும், ஆனால் காலையில் பிடித்த மீன், குழம்பில் மாங்காய் போட்டிருந்தார்கள், இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன். நாங்கள் கட்டின பணத்தில் சாப்பாட்டுப் பங்கு நேராக அந்த வீட்டம்மாவிடம் போகிறது, எங்கள் முன்னாலேயே எண்ணிக் கொடுத்தார்கள்.

குறைகள் என்று பார்த்தால், பெரிய குறை கழிப்பறை. காலை ஆறு மணிக்குப் படகுத்துறையில் போனால் அடுத்து மதியம் அந்தச் சாப்பாட்டு வீட்டில்தான், அதுவும் பதினான்கு பேருக்கு ஒன்று. பெண்கள் இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் வந்தார்கள், அந்த வெயிலில் அது ஆபத்து. வெயிலூர்க்காரர்களுக்கே அந்த ஏரி வெயில் தாங்கவில்லை, தண்ணீரில் பட்டுத் திரும்பி முகத்தில் அடிக்கிறது. படகில் மேலே ஒரு துணிப்பந்தல்கூடக் கிடையாது. தீவுக்குப் போனதும் முதலில் அந்த வீட்டுக்கு ஒரு தடவை அழைத்துப் போய்விட்டுப் பிறகு பறவைக்குப் போகலாம், நடக்கிற தூரம்தான். கேட்டதற்கு, அடுத்த முறை அப்படியே செய்கிறோம் என்றார்கள்.

பைனாகுலர் தருகிறோம் என்று சொல்வதை நம்பிப் போகாதீர்கள். பதினான்கு பேருக்கு மூன்று, அதில் ஒன்றுக்குள் ஈரம் புகுந்து பனி மூடியிருந்தது. சொந்தமாக இருந்தால் கொண்டுபோங்கள், 8x42, அதாவது எட்டு மடங்கு பெரிதாகக் காட்டுகிறது போதும், அதற்கு மேல் பெரிதாக்கினால் ஆடுகிற படகில் படம் கண்ணில் நிற்காது. தொப்பி, முழுக்கைச் சட்டை, சேற்றில் கழற்றிப் போட வசதியான செருப்பு. சிவப்பு, மஞ்சள், பளிச்சென்ற வெள்ளை வேண்டாம் என்று முன்பே வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுகிறார்கள், இருந்தாலும் ஒருவர் பளிச்சென்ற ஆரஞ்சு பனியனில் வந்தார், அவருக்கு வழிகாட்டித் தம்பி தன் சட்டையைக் கொடுத்தார்.

இன்னொன்று, திரும்பும் நேரம். ஏழு மணிக்கு வேலூர் என்று சொன்னார்கள், நாங்கள் இறங்கும்போது ஒன்பதே முக்கால். ஞாயிறு சாயங்காலம் அந்தச் சாலையில் நெரிசல் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே, ஒன்பதரை என்றே சொல்லிவிட்டால் யாரும் கோபப்படப் போவதில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் உள்ள பிள்ளைகளோடு போகிறவர்கள் திங்கட்கிழமை காலையைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளில் பட்டியல் நீளமாக வேண்டும், நெருக்கத்தில் போட்டோ வேண்டும் என்கிறவர்களுக்கு இது ஒத்துவராது. எங்களுக்கு மொத்தம் 34 வகை கிடைத்தது, குளிர்காலத்தில் போனால் இதைவிட அதிகம் கிடைக்கும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளை நான் அழைத்துப் போக மாட்டேன். முட்டி வலி உள்ள பெரியவர்கள் போகலாம், முன்கூட்டியே சொல்லிவிட்டால் பின்பக்கம் அகலமான பலகையை ஒதுக்குகிறார்கள், அப்பாவுக்கு அப்படித்தான் கிடைத்தது.

ஏப்ரல் முதல் வாரத்தோடு நிறுத்திவிட்டு மறுபடி மழைக்குப் பிறகுதான் ஆரம்பிப்பார்களாம். கடைசிப் பயணத்தில் இரண்டு இடம் இருக்கிறது என்று நேற்று தகவல் வந்தது. பையனுக்கு முழுப் பரீட்சை நடக்கும், அவன் வர முடியாது. அப்பா பேருக்கு ஒன்று சொல்லிவிட்டேன், மற்றொன்றுக்கு அவருடைய பழைய சிநேகிதர், அவரும் ஏரி லஸ்கராக இருந்தவர்தான், நாளைக்குப் பதில் சொல்கிறேன் என்றிருக்கிறார்.